கை படாத இடம்

தவசிமுத்துவைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் தவறு செய்தவன் நான். தகுதி உள்ளவர்கள் யாரும் எழுதக் காணோம், அதனால் எழுதுகிறேன்.

குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் விரிப்பு, நாலைந்து எண்ணெய் பாட்டில், இடுப்பில் ஒரு துண்டு. உச்சந்தலையில் எண்ணெய் வைத்து, கழுத்து, தோள், முதுகு என்று இறங்கிக் கால் விரலில் முடிப்பார்கள். தவசிமுத்து அப்படிச் செய்யமாட்டார். உட்கார்ந்தவுடன் "எங்கன வலிக்கு?" என்று கேட்பார். சொன்ன இடத்தில்தான் முதலில் கையை வைப்பார். தலையும் முதுகும் அதற்குப் பிறகுதான்.

ஒரு சாரல் காலத்தில் வெளியூர் போலீஸ் அதிகாரி ஒருவர் வந்தார். வலது முட்டி வீங்கியிருந்தது. மற்ற இடமெல்லாம் தேய், முட்டியை மட்டும் தொடாதே என்று உத்தரவு போட்டார்.

"அப்பம் நேரா அருவிக்குப் போயிருங்க ஐயா. கை படாத இடம் சரியாகாது. எண்ணெய்தான் வேஸ்ட்டு" என்று சொல்லிவிட்டுப் பாட்டிலை மூடினார் தவசிமுத்து.

யாரிடம் பேசுகிறாய் தெரியுமா என்று அதிகாரி எகிறினார். "துண்டு கட்டின பெறவு எல்லாரும் ஒண்ணுதானய்யா" என்றார் இவர். கடைசியில் முட்டி நீண்டது. அதிகாரி போட்ட சத்தத்தில் குரங்குகள் கூரையை விட்டு ஓடின. அடுத்த வருடம் அதே அதிகாரி, அந்தத் திமிர் பிடித்த ஆள் எங்கே என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

திமிர் என்று ஊரே சொல்லும். நானும் சொல்லியிருக்கிறேன். அவர் யாரையும் வைது நான் கேட்டதில்லை. நேராகக் கேள்வி கேட்பார், பதில் வரும்வரை நகரமாட்டார். நம்மைப் போன்ற பெரிய மனிதர்களுக்கு அதுவே திமிர்தான்.

இருபத்திரண்டு வயதில் புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர். ஒருநாள் அடுக்கு சரிந்து மூட்டை இடுப்பில் விழுந்தது. நாலு மாதம் படுக்கை. சபையிலிருந்து வாரம் தவறாமல் ஜெபிக்கப் போனார்கள். வாசல் பக்கம் நின்று, கண்ணை மூடி, நல்ல ஜெபங்களாகச் செய்தார்கள். அந்த நாலு மாதத்தில் அவர் இடுப்பைத் தொட்டவர் ஒரே ஒருவர், குற்றாலத்திலிருந்து வந்த எண்ணெய் தேய்க்கிற ஆள். பதினேழு நாள் தேய்த்தார். பதினெட்டாம் நாள் தவசிமுத்து சுவரைப் பிடிக்காமல் நின்றார்.

"ஜெபத்தைக் குறை சொல்ல மாட்டேன் சார்வாள். ஜெபம் மேல போச்சு, கை பக்கத்துல வந்துச்சு. ரெண்டுக்கும் ஆண்டவரு ஒருத்தர்தான்" என்று பள்ளி வாத்தியாரான என்னிடம் சொல்வார்.

நடக்க ஆரம்பித்ததும் குற்றாலத்துக்கு வந்து விரிப்பைப் போட்டவர், இன்று வரை எழுந்திருக்கவில்லை. இப்போது நாற்பத்தெட்டு வயது.

மனைவி ஜெபக்கனி பீடி சுற்றுகிறவர். அதிகம் பேசமாட்டார். தம்பதிக்குப் பதினாலு வருடம் பிள்ளை இல்லை. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே, பெயர் சொன்னால் சண்டைக்கு வருவார்கள் என்பதால் நான் சொல்லாமல் விடுகிற ஒரு தெருவில் எங்கள் சபை இருக்கிறது. பதினாலு வருடமும் அவர்களுக்காக ஜெபித்தோம். உபவாச ஜெபம், சங்கிலி ஜெபம், எதையும் விடவில்லை. போன அக்டோபரில் தென்காசி ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. ஷாரோன் என்று பெயர் வைத்தார்கள்.

பிள்ளைக்கு மேலுதடு மூக்கு வரை பிளந்திருந்தது.

டாக்டர் பதறவில்லை. ஐந்தாறு மாதத்தில், எடை கூடியதும் ஆபரேஷன் செய்து சேர்த்துவிடலாம், இது பெரிய விஷயமில்லை என்றார். உறிஞ்சிக் குடிக்கத் திணறுவதால் அதுவரை தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடைச் சங்கில் புகட்டச் சொன்னார். தவசிமுத்து அன்றே தென்காசியில் ஒரு பாலாடை வாங்கிவந்தார். நுனி கூர்மையாக இருக்கிறதென்று சிமெண்டுத் தரையில் தேய்த்துத் தேய்த்து மழுக்கினார்.

பதறியது எங்கள் சபைதான். கிரகணத்தன்று ஜெபக்கனி வெளியே வந்து பீடி இலை வெட்டினாளாம், கத்தரி பிடித்தாளாம், அதனால்தான் உதடு வெட்டுப்பட்டதாம். நான் முப்பத்தொரு வருடம் அறிவியல் பாடம் நடத்தியவன். கருவில் உதடு கூடுவது இரண்டாம் மாதத்தில். கிரகணம் வந்தபோது ஜெபக்கனிக்கு எட்டாம் மாதம். இதைச் சொன்னால் "நீங்க படிச்சவிய, அப்படித்தான் சொல்லுவிய" என்றார்கள். ஞானஸ்நானம் எடுத்து நாலு தலைமுறை ஆகியும் எங்களை விட்டுக் கிரகணம் விலகவில்லை. பதினாலு வருடம் பிள்ளை வேண்டும் என்று ஜெபித்த அதே வாய்களிலிருந்துதான் இந்தப் பேச்சு வந்தது. எனக்கு இன்றும் அதை நினைத்தால் எரிச்சல் வருகிறது.

ஜெபக்கனி சேலை முந்தானையால் பிள்ளையின் முகத்தை மூட ஆரம்பித்தார். பஸ்ஸில் மூடுவார், சபைக் கோயிலில் மூடுவார், சொந்த வீட்டு வாசலில் நின்றாலும் மூடுவார். நவம்பரில் ஞானஸ்நானம் கொடுத்தபோது போதகர் தலையில் தண்ணீர் ஊற்றுகிற நேரம் மட்டும்தான் துணி விலகியது. அந்த வருடத்தில் எங்கள் சபையின் கடைசி ஞானஸ்நானம் அதுதான்.

கடைசி என்பது முக்கியம். எங்கள் சபையில் ஐம்பது வருட வழக்கம் ஒன்று உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு மாலை, கிறிஸ்து பிறப்பு நாடகம் போடுவோம். இயேசு பிறந்து கிடந்த முன்னணையில், அதாவது மாட்டுத் தீவனத் தொட்டியில், பொம்மை வைக்கமாட்டோம். அந்த வருடம் கடைசியாக ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை எதுவோ அதைத்தான் வைக்கோலில் படுக்கவைப்போம். நாடகம் முடிந்ததும் சபையார் வரிசையாக வந்து அந்தப் பிள்ளையின் காலைத் தொட்டுவிட்டுப் போவார்கள். கடவுள் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் நிற்கவில்லை, கைக்கு எட்டுகிற மனித உடம்பில் வந்தார் என்பதற்கு அடையாளமாக யாரோ ஒரு பழைய போதகர் ஆரம்பித்து வைத்தது. கறுத்த பிள்ளை, சிவத்த பிள்ளை, சளி ஒழுகும் பிள்ளை எல்லாம் படுத்திருக்கின்றன. பெண் பிள்ளைகளும் படுத்திருக்கின்றன. ஆணா பெண்ணா என்று பார்க்காத நாங்கள் இந்த முறை உதட்டைப் பார்த்தோம்.

நாடகத்தை இருபத்திரண்டு வருடமாக நடத்துகிறவன் நான். டிசம்பர் முதல் வாரம் கமிட்டி கூடியது. பெண்கள் சங்கத் தலைவி சுகிர்தம்மாள் பேச்சை எடுத்தார். ஊரில் அவருக்குப் பயப்படாதவர் இல்லை.

"பச்சப்பிள்ள, பனியில கிடக்கணுமா? அதுவும் இப்பம் இருக்க நெலமையில?"

செயலாளர் தங்கையா வேறு பக்கமாக வந்தார். "இந்தத் தடவை யூட்யூப்ல லைவ் போடுதோம். துபாய், பெங்களூருன்னு நம்ம பிள்ளைங்க எல்லாம் பாக்கும். பாக்குறவங்க ஒரு மாதிரி நெனச்சிரக் கூடாதுல்லா."

யாரும் உதடு என்ற சொல்லைச் சொல்லவில்லை. போதகர் இளைஞர், வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஒரு யோசனை சொல்லப்பட்டது. இந்த வருடம் மட்டும் ஒரு பொம்மை வைத்துக்கொள்வோம். அதைச் சொன்னவன் நான். முதலில் கையைத் தூக்கியவனும் நான். மறுநாள் தென்காசி கடைத்தெருவில் பொம்மையையும் நானே வாங்கினேன். நீலக் கண், பொன்னிற முடி, வயிற்றை அமுக்கினால் சிரிக்கும். பெத்லகேமில் எந்தத் தாய்க்கும் அப்படி ஒரு பிள்ளை பிறந்திருக்காது. ஆனால் லைவில் நன்றாகத் தெரியும்.

தவசிமுத்துவிடம் சொல்கிற வேலையையும் என் தலையில் கட்டினார்கள்.

டிசம்பரில் குற்றாலத்தில் கூட்டம் நெரியும், ஆனால் எண்ணெய்க்காரர்களுக்கு வேலை இருக்காது. வருகிறவர்களில் பாதிப்பேர் சபரிமலைக்கு மாலை போட்ட சாமிமார். அவர்கள் எண்ணெய் தேய்ப்பதில்லை. நான் போனபோது தவசிமுத்துவும் பக்கத்து விரிப்புக்காரர் செல்லச்சாமியும் முறுக்கைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். இருவரும் இருபது வருடக் கூட்டாளிகள்.

நான் மலை மேல் மேகம், அருவியில் தண்ணீர் வரத்து என்று எங்கெங்கோ சுற்றினேன்.

"விஷயத்துக்கு வாங்க சார்வாள். கழுத்து வலிக்குன்னு வந்தாலும் இப்படித்தான் முழங்கால்ல இருந்து ஆரம்பிப்பிய" என்றார் தவசிமுத்து.

சொன்னேன். அவர் முறுக்குத் தூளைத் துண்டில் துடைத்தார்.

"அந்தப் பொம்மைக்கு எப்பம் ஞானஸ்நானம் குடுத்திய?"

"அதுக்கில்ல தவசி. பிள்ளைக்குப் பனி ஆகாது."

"போன வருசம் தங்கையா அண்ணாச்சி பேரன் படுத்திருந்தான். அன்னைக்குப் பனி லீவா?"

கையிருப்பில் இருந்த கடைசிச் சமாதானத்தை எடுத்தேன். "ஆபரேஷன் முடியட்டும் தவசி. முகம் சரியானதும் அடுத்த வருசம் ஷாரோனையே படுக்க வைப்போம். நான் பொறுப்பு."

அவர் என்னையே பார்த்தார். "சரியானதும்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் கேட்டார்: "நீங்க ஓய்வுநாள் பள்ளிக்கூடத்துல வாத்தியாரு. ஒண்ணு கேக்கேன், பதில் சொல்லுங்க. ஆண்டவரு நம்மளச் சரி பண்ணி வச்சிட்டுப் பெறவு வந்தாரா, இல்ல வந்துதான் சரி பண்ணுனாரா?"

"வந்துதான்."

"நாம சரியாகுற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்திருந்தா?"

"வந்தே இருக்க மாட்டார்."

"பெறவு எம்பிள்ளைய மட்டும் சரியாயிட்டு வரச் சொல்லுதிய. எந்த ஊரு நியாயம் சார்வாள் அது?"

அவர் குரலை உயர்த்தவில்லை. சுளுக்கு எடுக்கும்போது பேசுவாரே, அதே நிதானம்தான்.

"அவரு மேல இருந்துக்கிட்டே சுகமாகுன்னு சொல்லியிருக்கலாம். வாய் வார்த்தையில உலகத்த உண்டாக்குனவருக்கு அது ஒரு வேலையா? சொல்லலியே. கை வைக்காம சுளுக்கு எடுக்க முடியாதுன்னு அவருக்குத் தெரியும். கை வேணும்னா உடம்பு வேணும். உடம்பு வேணும்னா ஒரு பொம்பள வயித்துல கிடக்கணும். கிடந்தாருல்லா, பத்து மாசம்? வந்தவரு நல்லாருக்கத மட்டும் எடுத்துக்கிட்டேன், மத்தது வேண்டாம்னு சொல்லியிருந்தா, நல்லாருக்கவன் மட்டுந்தான் பொழைப்பான். அவரு எதைத் தொடலியோ அது பொழைக்காது. எம்பிள்ள ஒதட்டையும் சேத்துத்தான் எடுத்துக்கிட்டாரு. அப்படி இல்லன்னு யாராவது சொல்லட்டும், நான் அன்னைக்கோட கோயிலுக்கு வரல."

செல்லச்சாமி இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். "ஏலே தவசி, எங்க சாமியுந்தான் மனுசனாப் பொறந்து வெண்ணெய்க்கு அழுதிருக்கு. உங்க கோயில்ல இதுக்கா இம்புட்டுச் சண்டை?"

"அழுதிருக்கும்லே, இல்லங்கல. எங்க ஆளு வந்த உடம்பக் கழட்டிப் போடல. செத்து எந்திரிச்ச பெறவும் அதே உடம்புதான். ஆணி அடிச்ச ஓட்டையோடதான் வச்சிருக்காரு."

"ஓட்டையோடயா?"

"ஓட்டையோடதான். அடைக்கல."

செல்லச்சாமி என்னைப் பார்த்துச் சிரித்தார். "அப்பம் அவரே வந்தாலும் உங்க கமிட்டி துணியப் போட்டு மூடிக்கிட்டு வான்னுதான் சொல்லும் போலிருக்கு சார்வாள்."

நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் போதகர், கடவுள் மனிதனானது எவ்வளவு பெரிய தாழ்மை என்று முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். நல்ல பிரசங்கம். முடிந்ததும் தங்கையா அறிவிப்புகள் வாசித்தார். கேக்குக்குப் பெயர் கொடுக்கிறவர்கள் கொடுக்கவும், பாடல் பவனிக்கு வருகிறவர்கள் மாலை ஐந்து மணிக்கு வரவும் என்று வாசித்து முடித்தபோது ஆண்கள் பக்கத்தில் தவசிமுத்து எழுந்து நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றார்.

"ஐயா, எனக்கும் ஒரு அறிவிப்பு இருக்கு. இந்த வருசம் கடைசியா ஞானஸ்நானம் எடுத்தது எம்பிள்ள ஷாரோன். வழக்கப்படி அவதான் முன்னணையில படுக்கணும். பொம்ம வாங்கியாச்சுன்னு கேள்விப்பட்டேன். எம்பிள்ள ஆண்டவர் இடத்துல படுக்க ஆகாதுன்னா, ஞானஸ்நானப் பதிவு புஸ்தகத்துல அவ பேர அடிச்சிருங்க. இப்பமே அடிங்க. நான் நின்னு பாத்துட்டுப் போறேன்."

பெண்கள் பக்கத்திலிருந்து சுகிர்தம்மாள் எழுந்தார்.

"சபைன்னா ஒரு ஒழுங்கு இருக்கு தவசி. ஒன் இஷ்டத்துக்குப் பேசாத. நாலு பேரு பாக்குற இடத்துல பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?"

"என்ன நெனப்பாங்க ஆச்சி? ஆண்டவருக்கு ஒதடு பிளந்திருந்துச்சோன்னு நெனப்பாங்க. நெனைக்கட்டும்."

உதடு என்ற சொல் அன்றுதான் எங்கள் சபையில் முதன்முதலாக உரக்கச் சொல்லப்பட்டது. சிலர் குனிந்துகொண்டார்கள். முதலில் குனிந்தவன் நான்தான். பலிபீடத்தின் பக்கத்தில் நின்ற போதகருக்கு முகம் வெளுத்துப்போயிருந்தது. கொஞ்ச நேரம் முன்னால் அவர் பிரசங்கித்தது அவர் எதிரிலேயே வேட்டி கட்டிக்கொண்டு நின்றது. அவர் இறங்கிவந்து ஒரு சமரசம் சொன்னார். ஷாரோனே படுக்கட்டும். பனிக்கு ஒரு மெல்லிய துணியை மூக்கு வரை போர்த்திவிடலாம். யாருக்கும் மனவருத்தம் வேண்டாம்.

தவசிமுத்து திரும்பி மனைவியைப் பார்த்தார். ஜெபக்கனி பிள்ளையை முந்தானைக்குள் இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினார். வம்பு முடிந்தால் போதும் என்ற ஆட்டல் அது. தவசிமுத்து உட்கார்ந்தார். அவர் தோற்றதாக நான் நினைத்தேன், உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

நாடகத்தன்று மாலை ஆறரை மணிக்கு மேடையில் வைக்கோலைப் பரப்பியது தவசிமுத்துதான். ஒவ்வொரு கற்றையாக உதறி, முள்ளும் தூசியும் பொறுக்கி, உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்துப் பரப்பினார். பிள்ளையைப் படுக்கவைத்து, வெள்ளைத் துணியை மூக்கு வரை போர்த்தினார்கள். வாலிபர்கள் கேமராவை மூன்று கால் ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தார்கள். நான் மேடை ஓரத் திரைக்குப் பின்னால் வசனத் தாளோடு நின்றேன். என் காலடியில் ஒரு துணிப்பை. அதற்குள் பொம்மை. எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வந்திருந்தேன்.

மேய்ப்பர்கள் வருகிற காட்சியில் ஷாரோன் விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பசி. மரியாளாக நடித்த பெண் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறவள். அவள் தட்டிக்கொடுத்தாள். பிள்ளை தலையை ஆட்ட, துணி விலகியது. அவள் இழுத்து மூடினாள். மறுபடி விலகியது, மறுபடி மூடினாள். நாலாவது தடவை துணி வாய்க்குள்ளேயே போய் அழுகை அடைத்துக்கொண்டு வந்தது. சபை நெளிந்தது. நான் பையைத் திறந்து பொம்மையைக் கையில் எடுத்தேன். திரையைப் பாதி இழுத்தால் பத்து வினாடியில் மாற்றிவிடலாம் என்று கயிறு பிடிக்கிறவனுக்குச் சைகை காட்டினேன்.

அவன் கயிற்றில் கை வைப்பதற்குள் பெண்கள் பக்கத்து முன்வரிசையிலிருந்து ஜெபக்கனி எழுந்தார். ஒரு கையில் வயர் கூடை. நேராக மேடை ஏறினார். யாரையும் பார்க்கவில்லை. முன்னணை பக்கத்தில் போய், அந்தத் துணியை எடுத்துச் சுருட்டித் தூர எறிந்தார்.

"மூச்சு முட்டுது பிள்ளைக்கு" என்றார்.

மரியாளுக்கு வைத்திருந்த மைக்கில் அது கோயில் முழுக்கக் கேட்டது. துபாய் வரைக்கும் கேட்டிருக்கும்.

யோசேப்பாக நடித்தவன் விலகி இடம் விட்டான். ஜெபக்கனி வைக்கோலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பிள்ளையை மடியில் சாய்த்து, கூடையிலிருந்து டம்ளரை எடுத்து மரியாள் கையில் கொடுத்துவிட்டு, பாலாடையில் பாலை ஊற்றிப் புகட்ட ஆரம்பித்தார். முந்தானையால் மூடவில்லை. மேடை விளக்கு நேராக அந்த முகத்தில் விழுந்தது. பிளந்த உதடு, அதன் வழியே தெரிந்த சிவந்த ஈறு, கடைவாயில் வழிந்த பால், எல்லாம் தெரிந்தது. எட்டு நிமிடமோ பத்து நிமிடமோ, மேய்ப்பர்கள் கம்பை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார்கள். என் நாடகத்தில் இப்படி ஒரு காட்சி கிடையாது.

கடவுளுடைய வார்த்தையானவர் மனிதனானார் என்று இருபது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். பரீட்சையில் கேள்வி வைத்து ஐந்து மதிப்பெண்ணும் போட்டிருக்கிறேன். உலகத்தையே சொல்லால் உண்டாக்கியவர், ஒரு சொல் பேச முடியாமல், அடுத்தவர் கையால் பால் குடித்துத்தான் உயிர் பிழைத்தார் என்பது என் மண்டையில் ஏறியது அந்தப் பத்து நிமிடத்தில்தான். எனக்கு வெட்கமாக இருந்தது.

பிள்ளை அமைதியானது. ஜெபக்கனி அவளை வைக்கோலில் கிடத்திவிட்டு எழுந்து நின்றார். தவசிமுத்து மேடையேறி முன்னணையின் அந்தப் பக்கம் நின்றார். நாடகத்தில் மிச்சம் இருந்த வசனங்களை யாரும் சொல்லவில்லை, நானும் எடுத்துக்கொடுக்கவில்லை. அடுத்து காலைத் தொடும் வரிசை. யாரும் வரவில்லை.

ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. பெஞ்சுகள் கிறீச்சிட்டன, ஆள் எழவில்லை. தவசிமுத்து கூப்பிடவில்லை. ஆள் வரும்வரை விரிப்பில் உட்கார்ந்திருப்பாரே, அப்படியே நின்றார். சபை முழுவதும் இப்படியே வீட்டுக்குப் போய்விட்டால் அந்தப் பிள்ளை பதிவுப் புத்தகத்தில் மட்டும்தான் எங்களோடு இருக்கும் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

எழுந்தவர் சுகிர்தம்மாள். அன்பினால் எழுந்தார் என்று நான் சொல்லமாட்டேன். ஐம்பது வருட வழக்கம் தன் கண் முன்னால் நின்றுபோவதை அவரால் தாங்க முடிந்திருக்காது. விறுவிறு என்று மேடையேறி, முகத்தைப் பார்க்காமல், குனிந்து பிள்ளையின் காலை நோக்கிக் கையை நீட்டினார்.

"காலுக்கு ஒண்ணுமில்ல ஆச்சி" என்றார் தவசிமுத்து.

நீட்டிய கை அப்படியே நின்றது.

"கால் நல்லாத்தான் இருக்கு. வலிக்க எடத்துல கை வைங்க."

சுகிர்தம்மாள் நிமிர்ந்து அவரை முறைத்தார். அவரும் பார்வையை மாற்றவில்லை. கடைசியில் அந்த அம்மாள் தலையைத் திருப்பி ஷாரோனின் முகத்தைப் பார்த்தார். பிறந்து இரண்டரை மாதத்தில் அப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் பட்டுச்சேலை முந்தானையை எடுத்து, விரலில் சுற்றி, அந்தப் பிளவின் ஓரத்தைத் துடைத்தார்.

"பால் ஒட்டியிருக்குட்டி. காஞ்சா இழுக்கும்" என்று ஜெபக்கனியிடம் சொன்னார். குரல் வழக்கம்போல அதட்டலாகத்தான் வந்தது. கண் மட்டும் கலங்கியிருந்தது.

அதற்குப் பிறகு பெஞ்சுகள் காலியாயின. போதகர் வந்தார். தங்கையா வந்தார். கேமராக்காரப் பையன்கள் கேமராவை விட்டுவிட்டு வந்தார்கள். கடைசி வரிசையில் சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த செல்லச்சாமியும் வந்தார். ஒருவரும் காலைத் தொடவில்லை. கன்னத்தில், உதட்டோரத்தில், ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போனார்கள். ஷாரோன் விழித்துக்கொண்டு எல்லாரையும் பார்த்தாள்.

எல்லாரும் போனபின் தொடாமல் மிச்சம் இருந்தவன் நான். திரைக்குப் பின்னாலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. முன்னணை முன்னால் நின்றேன். என்ன சொல்வது என்று தெரியாமல், மன்னித்துக்கொள் தவசி என்று ஆரம்பித்தேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொம்மையக் கையில வச்சுக்கிட்டு எப்படித் தொடுவிய சார்வாள்?"

அதுவரை அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தது எனக்கே தெரியாது. கீழே போட்டேன். எங்கே தொடவேண்டும் என்று நான் கேட்கவில்லை.